அ போட்ட கிண்ணம்

ஜூலை 1, திங்கள்

ஹெல்சின்கி மாநகரத்தில் இன்று சூரியன் நாலு மணிக்கே எழுந்துவிட்டது. எனக்கு விடுமுறை தொடங்குகிறது என்று யாரோ அதற்குச் சொல்லியிருக்க வேண்டும். ஜூலை முழுக்க எங்கள் சாப்பாட்டுக் கடைக்குக் கதவடைப்பு, ஆகஸ்ட் முதல் திங்களன்றுதான் திறப்பு. ஊர்க்காரர்கள் ஏரிக்கரைக் குடில்களுக்குப் போய்விடுவார்கள், தோசை தின்ன ஆள் இருக்காது என்பது முதலாளி சொல்லும் காரணம். உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். பதினோரு மாதம் என் சாம்பாரைத் தாங்கிய ஒரு தேசத்தின் நாக்குக்கு ஒரு மாதம் ஓய்வு தேவைப்படுகிறது.

ஆகவே, வடதுருவ நளபாகச் சக்கரவர்த்தியும், கல்யாணம் செய்துகொண்டால் மற்ற பெண்கள் மனமுடைந்துபோவார்களே என்று ஐம்பத்தோரு வயதுவரை தனியே இருப்பவனுமான அம்பலவாணனாகிய நான், இந்த மாதம் தங்கை பூங்கொடியின் பிள்ளைகளை மேய்க்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். மூத்தவள் நறுமுகை, ஏழு வயது, பிறவி வக்கீல். இளையவன் ஆதன், நாலு வயது, நான் சொல்வதையெல்லாம் நம்புகிற ஒரே ஜீவன். என் அறையிலிருந்து இரண்டு மெட்ரோ நிறுத்தம் தள்ளி அவர்கள் வீடு. அண்ணன் இருக்கிறானே என்றுதான் பூங்கொடி இந்த ஊர் வேலைக்கு மாப்பிள்ளையைச் சம்மதிக்க வைத்தாள். மற்றபடி இந்தப் பனிக்குள் யார் வருவார்கள்?

கதவைத் திறந்ததுமே சொன்னாள்: "அண்ணே, பெர்த் கன்ஃபர்ம் ஆயிருச்சு."

"லோயரா, அப்பரா?" என்றேன்.

சிரித்தாள். பிறகு பாதியில் நிறுத்திக்கொண்டாள். "ரயில் பெர்த் இல்லண்ணே. ஆஸ்திரேலியா பெர்த். அவருக்கு வேலை கிடைச்சிருச்சு. அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி ஃப்ளைட்டு."

பின்னால் நின்ற மாப்பிள்ளை குணாளன் தரையைப் பார்த்தார். தரை சுத்தமாகத்தான் இருந்தது.

"பேஷ்" என்றேன். இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்ல வேண்டும் போலிருந்ததால், "பேஷ், பேஷ்" என்றேன். அதன்பிறகு பிள்ளைகளின் தொப்பி எங்கே என்று ஒரு பெரிய தேடுதல் வேட்டையைத் தொடங்கி வைத்தேன். தொப்பிகள் ஆணியிலேயே மாட்டியிருந்தன.

ஜூலை 2, செவ்வாய்

இந்த ஊரில் ஓர் அருமையான வழக்கம். கோடை வந்தால், வார நாள்களில் பகல் வேளைக்குப் பூங்காக்களில் பிள்ளைகளுக்கெல்லாம் இலவசமாகச் சூப் ஊற்றுவார்கள். கிண்ணமும் கரண்டியும் அவரவர் கொண்டுபோக வேண்டும். நான் என்னுடைய எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்துப் போனேன். அதன் விளிம்பில் புள்ளி புள்ளியாக 'அம்பலவாணன்' என்று பெயர் வெட்டியிருக்கும். பிள்ளைகளுக்குக் கிண்ணம் எடுக்க மறந்துவிட்டேன். பேரரசர்களுக்கு இதெல்லாம் நினைவில் நிற்காது.

வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோரும் என் இடுப்பு உயரம். அகப்பையோடு நின்ற அய்னோ அம்மாள் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்து ஏதோ சொன்னாள். ஃபின்னிஷ் மொழியில் எனக்கு அடுப்படி வார்த்தைகளும் கெட்ட வார்த்தைகளும்தான் சரளம். இது இரண்டிலும் சேராது.

"பதினாறு வயசுக்குள்ள இருக்கணுமாம், மாமா" என்றாள் நறுமுகை.

"மாமாவுக்கு மனசு பதினஞ்சுன்னு சொல்லு."

"அப்படில்லாம் ஃபின்னிஷ்ல சொல்ல முடியாது."

கடைசியில் என் கிண்ணத்தில் பிள்ளைகளுக்கு மட்டும் ஊற்றினாள். பட்டாணி சூப். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. சட்டைப் பையிலிருந்து ரசப்பொடிப் பொட்டலத்தை எடுத்து, யாரும் பார்க்காதபோது ஒரு சிட்டிகை தூவினேன். ஆதன் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்குத் தமிழில் தெரிந்தது இரண்டே எழுத்து.

"இது என் எழுத்து. ஆனா வால் இல்ல" என்றான். 'ஆ'வுக்கு வால் உண்டு, 'அ'வுக்கு இல்லை என்பதை ஐந்து நிமிடம் எனக்கு விளக்கினான். அந்தக் கணத்திலிருந்து அது அ கிண்ணம். நாளையிலிருந்து அவனுக்கென்று தனிக் கிண்ணம் வேண்டாமாம்.

சாயங்காலம் கிளம்பும்போது வாசலில் நின்று, "சரி, வரேன்" என்றேன்.

"எங்க வரே?" என்றான் ஆதன். "நீ இங்கதானே இருக்கே?"

"போறேன்னு சொல்லக் கூடாதுடா தங்கம்" என்றாள் பூங்கொடி. "கிளம்புறவங்க வரேன்னுதான் சொல்லணும்."

"மாமா வரலியே. போறாரே."

இவ்வளவு காலம் தமிழ்நாட்டில் யாருமே கேட்காத கேள்வி. பதில் தெரியாததால் மெட்ரோவுக்கு நேரமாகிவிட்டது.

ஜூலை 3, புதன்

காலையில் மணியடித்ததும் ஆதன் கதவைத் திறந்து, என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, உள்ளே திரும்பிக் கத்தினான்: "அம்மா! வரேன்னு சொன்னாரு, வந்துட்டாரு!"

பூங்காவில் வாத்துப் படையோடு போர். கன்னத்தில் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளை முகம், கழுத்துவரை கறுப்பு. குறைந்தது எட்டு லட்சம் இருக்கும். புல்வெளி முழுக்க அவற்றின் கைவண்ணம். என் செருப்பு வீரமரணம்.

ஜூலை 5, வெள்ளி

கடற்கரை. இந்தக் கடலை ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். உப்பு பேருக்குத்தான் இருக்கிறது. இதைச் சமைத்தவன் பாதியில் வேலையை விட்டுப் போயிருக்கிறான்.

சமையல் அலுத்தால் எதிர்க்கரை எஸ்தோனியாவுக்கு நீந்திப் போய்ப் புளி வாங்கி வருவேன் என்று ஆதனிடம் சொன்னேன். "இப்ப போயிட்டு வா" என்றான். நறுமுகை கையைக் கட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் இறங்கினேன். தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் நான் எழுப்பிய ஓசை எஸ்தோனியாவுக்கு நிச்சயம் போய்ச் சேர்ந்திருக்கும்.

"இன்னைக்குப் புளிக்கடை லீவு" என்று கரையேறினேன்.

ஆதன் துண்டை நீட்டி, "நாளைக்குத் திறந்திருக்கும், மாமா" என்று என்னைத் தேற்றினான்.

ஜூலை 7, ஞாயிறு

மாப்பிள்ளையின் அலுவலக நண்பர்கள் அவர்களுக்கு வழியனுப்பு விருந்து. எனக்கும் அழைப்பு இருந்து, சொல்ல மறந்திருப்பார்கள். துணி துவைத்தேன். துவைத்த துணியை மறுபடி துவைத்தேன்.

ஜூலை 10, புதன்

துறைமுகத்தருகே ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். ஆதன் நாக்கை நீட்டுவதற்குள் ஒரு கடற்காக்கை, யானைக்குட்டி அளவு இருக்கும், வானத்திலிருந்து பாய்ந்து கூம்போடு கொத்திக்கொண்டு போய்விட்டது. ஆதன் அழவில்லை. வெறுங்கையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். "மாமா, அது திருப்பிக் கொண்டு வருமா?"

"அது வரேன்னு சொல்லிட்டுப் போச்சா?" என்றாள் நறுமுகை.

"இல்ல."

"அப்ப வராது."

வக்கீலின் வாதம் எனக்கே நியாயமாகப் பட்டது. என் ஐஸ்கிரீமை அவனிடம் கொடுத்தேன்.

பெர்த்தில் இப்போது குளிர்காலமாம். இங்கே வெயிலில் ஏறும் பிள்ளைகள் அங்கே குளிரில் இறங்குவார்கள். அவர்களுக்கு இந்த வருடம் கோடை பாதிதான். "மீதியை நான் பெட்டியில போட்டுத் தரேன்" என்றேன். நறுமுகை பெட்டி எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டாள்.

ஜூலை 14, ஞாயிறு

பழக்க தோஷத்தில் மூன்று பேருக்குச் சமைத்துவிட்டேன். மூவருக்கும் நானே பரிமாறி, மூவர் பங்கையும் நானே சாப்பிட்டேன். பாராட்டு பலமாக இருந்தது.

ஜூலை 16, செவ்வாய்

காட்டுக்குள் நீலப்பழம் பறிக்கப் போனோம். இந்த ஊரில் காட்டில் விளைவதை யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளலாம். அ கிண்ணம் நிறையப் பறிப்பது திட்டம். ஆதன் ஒன்றைக் கிண்ணத்திலும் ஒன்பதை வாயிலும் போட்டான். கொசுக்கள் ஒவ்வொன்றும் புறா அளவு. எனக்கு உடம்பில் இரத்தம் மிச்சமிருப்பதே அதிசயம்.

ஊதா உதடுகளோடு வீடு திரும்பினோம். வாசலில் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே ஆதன் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். அவன் நாள் முழுக்க ஏதாவது கேட்டுக்கொண்டேதான் இருப்பான். நிமிர்ந்து, "சரிடா, வரேன்!" என்று கிளம்பினேன்.

கதவு மூடியதும் உள்ளே அவன் குதித்துக் குதித்துக் கத்தும் சத்தம் மாடிப்படிவரை கேட்டது. என்ன கொண்டாட்டமோ.

ஜூலை 17, புதன்

கொண்டாட்டம் என்னவென்று தெரிந்தது. சூப் வரிசையில் நறுமுகை விசாரணையைத் தொடங்கினாள்.

"மாமா, நீயும் பெர்த்துக்கு வரியான்னு நேத்து ஆதன் கேட்டானாம். நீ 'சரிடா, வரேன்'னு சொன்னியாம்."

"யாரு, நானா?"

"ஆனா டிக்கெட் நாலுதான் இருக்கு. நான் பார்த்தேன்."

"நான் சூட்கேசுக்குள்ள வரேன்."

"மாமா."

"இறக்கையில உட்கார்ந்து வரேன். காத்தோட்டமா இருக்கும்."

ஆதன் குறுக்கே புகுந்தான். அவனுடைய கட்டிலில் சுவர் ஓரம் எனக்காம். ராத்திரி பயமாக இருந்தால் அவனை எழுப்பலாமாம். நான் வரேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்ததே இல்லை என்று அக்காவுக்கு எடுத்துச் சொன்னான். அதற்கு அவளிடமும் மறுப்பு இல்லை.

அது அந்த 'வரேன்' இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சூப் ஆறிக்கொண்டிருந்தது.

ஜூலை 21, ஞாயிறு

இன்று எனக்கு முறையான அழைப்பு. பூங்கொடி வத்தக்குழம்பு வைத்திருந்தாள். வீடு பாதி பெட்டிக்குள் போய்விட்டது. நாற்காலிகளை விற்றாயிற்று, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "ஏண்ணே, ஆதன் என்னமோ சொல்லிட்டிருக்கான். நீயும் வரேன்னியாமே?"

கரண்டி அப்படியே நின்றது. மாப்பிள்ளையும் தலையைத் தூக்கினார்.

"ஐயோ, ஆஸ்திரேலியா தாங்காதும்மா" என்றேன். "நான் ஒரு பக்கம் கால் வெச்சா அந்தக் கண்டமே சாஞ்சு கங்காரு எல்லாம் கடல்ல உருண்டு விழும்."

மாப்பிள்ளை புரையேறச் சிரித்தார்.

"இல்லண்ணே, நெசமாத்தான் கேக்குறேன். அங்க வந்து பார்க்கலாம்ல? சும்மா ஒரு மாசமாவது?"

நான் கங்காருவை வைத்து வத்தக்குழம்பு வைப்பது எப்படி என்று விளக்கினேன். கங்காரு வயிற்றுப் பையிலேயே புளியை ஊறப்போடலாம், பாத்திரம் மிச்சம். மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆதன் பயந்துபோய், கங்காரு பாவம் என்றான். நல்ல சாப்பாடு, நல்ல சபை. என்னைப் பொறுத்தவரை நான் வெளுத்து வாங்கினேன்.

பூங்கொடி என் தட்டில் இன்னொரு அப்பளத்தை வைத்துவிட்டு எழுந்து போனாள். அடுக்களையில் வெகுநேரம் குழாய் ஓடும் சத்தம். கழுவுவதற்கு அங்கே நாலு தட்டுகூட மிச்சமில்லை.

வாசலில் 'வரேன்' என்றபோது அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஜூலை 22, திங்கள்

மழை. பிள்ளைகள் தடுப்பூசிக்குப் போகிறார்கள், வரவேண்டாம் என்று செய்தி வந்தது. மெட்ரோவில் அவர்கள் நிறுத்தம்வரை போய்த் திரும்பி வந்தேன். சும்மா, ரயில் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க.

ஜூலை 26, வெள்ளி

இன்று ஒரு குற்றத்துக்கு உடந்தையானேன்.

ஆதன் சூப் வாங்கும்போது அய்னோவிடம் தன் கிளி மொழியில் ஏதோ பெரிய சேதி சொன்னான். அவள் அகப்பையை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். இந்த ஊர்க்காரர்கள் யாரையும் அவ்வளவு சுலபத்தில் தொடமாட்டார்கள்.

"நாம எல்லாரும் ஆஸ்திரேலியா போறோம்னு சொல்லிட்டான்" என்று நறுமுகை என் காதில் சொன்னாள்.

அடுத்து, பூமி தோன்றிய நாளிலிருந்து நடக்காதது நடந்தது. அய்னோ அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஆதன் கையிலிருந்த கிண்ணத்தை என்னிடம் நீட்டி, அகப்பை நிறைய எனக்கு ஊற்றினாள். பதினாறு வயதுச் சட்டம் ஐம்பத்தோரு வயதுக்காரனுக்காக உடைந்தது. ஆஸ்திரேலியா போகிறவனுக்கு வழியனுப்பு.

வேகாத உருளைக்கிழங்கு, விறைத்த மீன். ரசப்பொடி போடாமலே கடைசிச் சொட்டுவரை குடித்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாளே.

ஜூலை 30, செவ்வாய்

பெட்டி கட்ட உதவினேன். அதாவது பெட்டியின் மேல் உட்கார்ந்தேன், மாப்பிள்ளை ஜிப்பை இழுத்தார்.

அ கிண்ணத்தைக் காணவில்லை. சூப் குடித்த அன்று கழுவி அவர்கள் சமையல் மேடையில் கவிழ்த்து வைத்த நினைவு. ஆதனிடம் கேட்டேன். "பத்திரமா இருக்கு" என்றான். எங்கே என்றதற்கு, "போய்ப் பார்த்துக்கலாம்" என்று என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தான்.

ஆகஸ்ட் 1, வியாழன்

விமான நிலையம். நான் டாக்சியில் ஏறி அவர்களோடு வந்ததில் ஆதனுக்குச் சந்தேகமே எழவில்லை. மாமா வருகிறார். அவ்வளவுதான்.

பாதுகாப்புச் சோதனை வரிசை தொடங்கும் இடத்தில் நான் நின்றுவிட்டேன். பூங்கொடி அவனைத் திருப்பி நிறுத்தினாள். "மாமாகிட்ட போயிட்டு வரேன்னு சொல்லு."

"எதுக்கு? மாமாதான் நம்மகூட வரேன்னாரே."

மண்டிபோட்டு உட்கார்ந்தேன். என்னிடம் சரக்கு தயாராக இருந்தது. அடுத்த விமானத்தில் வருவேன் என்று ஒன்று. எஸ்தோனியாவில் புளி வாங்கிக்கொண்டு கடல் வழியாக நீந்தி வருவேன் என்று ஒன்று. வாத்துப் படையின் முதுகில் ஏறி வருவேன் என்பது மூன்றாவது, அது நேற்று முழுக்க உட்கார்ந்து இழைத்தது. வாயைத் திறந்தேன்.

"மாமா, கதை சொல்லாத" என்றாள் நறுமுகை. கோபமாகச் சொல்லவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"மாமா வரலடா" என்றேன். என் ஆயுளில் நான் பேசிய மிகச் சிறிய வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

"வரேன்னு சொன்னியே?"

"அது வேற வரேன்."

"எத்தனை வரேன் இருக்கு?"

பூங்கொடி அவனைத் தூக்கிக்கொண்டாள். பின்னால் பெட்டிகளோடு ஆட்கள் நெருக்கினார்கள். "சரிடா, நேரமாச்சு. நீ வரேன்னு சொல்லு."

அவள் தோளுக்கு மேலிருந்து என்னைப் பார்த்து, நன்றாக யோசித்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னான்: "நான் வரல. நான் போறேன்."

அப்படிச் சொல்லக்கூடாது என்று பூங்கொடி திருத்தவில்லை.

"போயிட்டு வாடா" என்றேன். இந்தக் கோடையில் இதை நான் சொல்வது இதுதான் முதல் தடவை. தினமும் கிளம்பியவன் நான். நிற்கிறவர்கள் சொல்லும் வார்த்தை இது.

வரிசை வளைந்து வளைந்து போனது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு முறை தெரிந்தார்கள். பிறகு வேறு யாரோ தெரிந்தார்கள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

பூங்காப் பக்கம் போயிருக்க வேண்டியதில்லை. கால்தான் போனது. கோடைச் சூப்புக்கு இன்றுதான் கடைசி நாள், நீண்ட வரிசை. மரத்துக்குப் பின்னால் நின்றும் அய்னோ பார்த்துவிட்டாள். என் உடம்பை மறைக்கும் மரம் இங்கே கிடையாது.

"ஆஸ்திரேலியா?" என்றாள்.

"இல்லை" என்றேன், ஃபின்னிஷில். அந்த வார்த்தை தெரியும்.

அவள் என் இரண்டு பக்கமும் பார்த்தாள், பிள்ளைகளைத் தேடி. அப்புறம் அகப்பையைச் சூப்பில் விட்டு, கையை என் பக்கம் நீட்டினாள், கிண்ணத்துக்காக.

என்னிடம் கிண்ணம் இல்லை. இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்கு போன். அங்கே பிற்பகல். பூங்கொடி ஸ்வெட்டர் போட்டிருந்தாள். பின்னால் வெறும் சுவர், வெறும் தரை, திறந்து கிடந்த பெட்டி.

"அண்ணே, இதைப் பாரேன்." கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினாள். "ஆதன் துணிக்கு நடுவுல ரெண்டு பனியன் சுத்தி வெச்சிருந்தான். நீ அங்க வந்ததும் சாப்பிடக் கிண்ணம் வேணுமேன்னு எடுத்து வெச்சானாம்." விளிம்பை விரலால் தேய்த்தாள். "தபால்ல போட்டு விடட்டுமாண்ணே?"

கங்காரு வந்தது. கடற்காக்கை அலகில் கவ்விக்கொண்டு வந்து தரும் என்பது வந்தது. நல்ல நல்ல சரக்கெல்லாம் நாக்கு நுனிவரை வந்து வரிசையில் நின்றது. அவள் அன்று கரண்டியைப் பிடித்த மாதிரியே கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்மா" என்றேன். "அங்கயே இருக்கட்டும். நான் வந்து எடுத்துக்குறேன்."

அவள் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு திரை முழுக்க ஒரு நெற்றி வந்தது, அதற்குக் கீழே ஒரே ஒரு கண்.

"எந்த வரேன்?" என்றான் ஆதன்.

"வர்ற வரேன்டா."

அந்தக் கண் என்னை நெடுநேரம் பார்த்தது. நான் அசையாமல் இருந்தேன்.

நாளை கடை திறக்கிறது. முதலாளியிடம் குளிர்காலத்தில் ஒரு மாதம் விடுப்புக் கேட்க வேண்டும். எந்தக் கதையைச் சொல்லிக் கேட்கலாம் என்று மெட்ரோ வரை சும்மா நடந்துகொண்டே யோசித்தேன். தங்கச்சி வீட்டுக்குப் போகணும் என்று கேட்டால் போதும் போலிருக்கிறது.

மதியம் ரசம் வைத்தேன், ஓர் ஆளுக்கு. ஊற்றிக் குடிக்கக் கிண்ணம் இல்லை. சட்டியோடு குடித்தேன்.